மூஞ்சியைக் காட்டி ஆடுற ஆட்டம்

நுவாலா: அப்படி இல்லைடா. 'பந்தயத்தை ஏத்துறேன்'னு முதல்ல வாயால சொல்லு. அப்புறம் வை.

மலக்கி: வச்சா தெரியாதா அக்கா? அவங்களுக்குக் கண்ணு இருக்குல்ல?

நுவாலா: பந்தய வில்லைக்குப் பதிலா நீ மூணு பித்தானை வச்சே. என் முகத்தைப் பாத்தே. அப்புறம் இன்னும் ரெண்டு கொண்டுவந்தே. நேர்ல ஆடுற போக்கர்ல அது செல்லாது. முதல் தடவை கையை விட்டு எது போச்சோ, அதோட சரி.

மலக்கி: கம்ப்யூட்டர்ல ஒரே அமுக்கு. முடிஞ்சுது வேலை.

நுவாலா: கம்ப்யூட்டர்ல நீ என்ன உடுத்திட்டு ஆடுறேன்னுகூட எவனுக்கும் தெரியாது.

மலக்கி: அது தெரியாம இருக்கறதுதான் எல்லாருக்கும் நல்லது.

நுவாலா: சரி, சீட்டைப் பாரு... டேய், டேய். பேப்பர் படிக்கிற மாதிரி தூக்காதே. எனக்கே தெரியுது. ஒரு ராணி, ஒரு ஒன்பது.

மலக்கி: பின்னே எப்படிப் பாக்கறதாம்?

நுவாலா: மேஜையிலயே இருக்கட்டும். ஒரு கையால மறைச்சுக்கோ. கட்டைவிரலால ஓரத்தை மட்டும்... ஆங், அப்படி. ஒரு தடவை பாத்தா மனசுல நிக்கணும். மறுபடி மறுபடி பாத்தேன்னா, இவன் கையில பெருசா ஒண்ணுமில்லைன்னு எதிர்ல இருக்கறவன் முடிவு பண்ணிடுவான்.

மலக்கி: இதையெல்லாமா கவனிப்பாங்க?

நுவாலா: வேற என்ன வேலை அவங்களுக்கு? கம்ப்யூட்டர்ல கணக்கைப் பாக்கறோம். அங்கே ஆளைப் பாப்பாங்க. கழுத்துல நரம்பு துடிக்குதா, மூச்சு நிக்குதா, வில்லையை எண்ணும்போது விரல் நடுங்குதா...

மலக்கி: நடுங்கினா பயப்படுறான்னு அர்த்தம்.

நுவாலா: தப்பு. பெரும்பாலும் நல்ல சீட்டு வந்தவனுக்குத்தான் கை நடுங்கும். கையில ஒண்ணுமில்லாம பூச்சாண்டி காட்டுறவன் சிலை மாதிரி உக்காந்திருப்பான்.

மலக்கி: இது தெரியாம இருந்தா என்னைத் தோலை உரிச்சிருப்பாங்க.

நுவாலா: இப்ப மட்டும் விட்டுடுவாங்களா? சீட்டைக் கலை, பாக்கலாம்... அடக் கடவுளே. நாற்பத்தொன்பது வயசாச்சு. இந்த ஸ்லைகோ ஜில்லாவுல இருக்கற பால் கறக்குற மெஷினையெல்லாம் பிரிச்சு மாட்டுறே. ஒரு கட்டுச் சீட்டைக் கலைக்க வரலை உனக்கு.

மலக்கி: மெஷின் வழுக்காது அக்கா.

நுவாலா: விடு, அங்கே சீட்டு போடறதுக்குத் தனியா ஆள் இருக்கு. முக்கியமானது இன்னொண்ணு. நீ தோத்தா ஸ்க்ரீனைத் திட்டுவே இல்லே?

மலக்கி: எப்பவாவது.

நுவாலா: போன்ல கேட்டிருக்கேன். அந்த வார்த்தையெல்லாம் அங்கே வாயில வரக்கூடாது. தோத்தா மேஜையில ரெண்டு தட்டு தட்டி, 'நல்லா ஆடினீங்க'ன்னு சொல்லணும்.

மலக்கி: ஆறு மாசத்துக்கு முன்னாடி பிறந்த குழந்தை மாதிரி ஆடி ஜெயிச்சவன்கிட்டயும்?

நுவாலா: அவன்கிட்டதான் முக்கியமா.

மலக்கி: ...அக்கா, ஒண்ணு கேக்கவா?

நுவாலா: டீ ஆறுது. குடிச்சுட்டுக் கேளு.

மலக்கி: இவ்வளவு தெரிஞ்சுவச்சிருக்கே. அப்பல்லாம் ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆனா ஸ்ட்ராண்ட்ஹில் ஓட்டல் ஆட்டத்துல உன் நாற்காலியில வேற யாரும் உக்கார மாட்டாங்க. இப்ப நீயும் கம்ப்யூட்டர்லயே ஆடுறே.

நுவாலா: வசதியா இருக்கு. மழையில நனைய வேண்டாம்.

மலக்கி: ஸ்லைகோவுல பொறந்துட்டு மழைக்குப் பயப்படுறியா?

நுவாலா: தெரியாத மாதிரி கேக்காதேடா. முகவாதம் வந்தன்னிக்கு ஆஸ்பத்திரியில என் பக்கத்துல இருந்தது நீதான். சரியாயிடும் சரியாயிடும்னாங்க. ஒன்றரை வருஷம் ஆச்சு. இடது பக்கம் அப்படியே நிக்குது. டீ குடிச்சா தாடையில வழியுது. சிரிச்சா... சிரிக்கறதையே விட்டுட்டேன்.

மலக்கி: இப்பக்கூட சிரிச்சே. நான் சீட்டைக் கொட்டினப்போ.

நுவாலா: நீ பாத்தா பரவாயில்லை. இருபது வருஷமா முடி வெட்டினேன். எப்பவும் எதிர்ல கண்ணாடி. அந்தக் கடையையே வேண்டாம்னு வாடகைக்கு விட்டவ, எட்டுப் பேர் நாலு மணி நேரம் உத்து உத்துப் பாக்கற மேஜையில போய் உக்காருவேனா?

மலக்கி: நான் இப்படி யோசிச்சேன். எட்டுப் பேரும் உன் முகத்தைப் படிக்கத்தான் பாப்பாங்க. பாவம், பாதிதான் அச்சாகியிருக்கு.

நுவாலா: ...எருமை.

மலக்கி: பாத்தியா, மறுபடி சிரிக்கிறே.

நுவாலா: சீட்டை எடு. நாளைக்கும் இதே நேரத்துக்கு வா. வரும்போது சோடா ரொட்டி வாங்கிட்டு வா.

*

மலக்கி: ஓட்டல் வாசல்ல, அந்தச் சாம்பல் நிறக் காருக்குப் பக்கத்துல நிறுத்து அக்கா. கடல் தெரியும்.

நுவாலா: கடல் எங்கே தெரியுது? மழைதான் தெரியுது. சரி, இறங்கு. ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சுடுவாங்க.

மலக்கி: நீ?

நுவாலா: நான் கார்லயே இருக்கேன். ஃபிளாஸ்க் இருக்கு, புத்தகம் இருக்கு. கொண்டுவந்து விடறேன்னுதான் சொன்னேன். அதுவும் உன் வேன்ல பிரேக் சரியில்லைன்னு நீ அழுததால.

மலக்கி: ஸ்கார்ஃபை மூக்கு வரைக்கும் சுத்தியிருக்கே. கொள்ளையடிக்க வந்தவன்னு நினைச்சுப் போலீஸுக்குச் சொல்லிடப்போறாங்க.

நுவாலா: குளிருது.

மலக்கி: ஹீட்டர் ஓடுது.

நுவாலா: இறங்குடா.

மலக்கி: அக்கா... கை நடுங்குது பாரு.

நுவாலா: நல்ல சீட்டு வரப்போகுதுன்னு அர்த்தம்.

மலக்கி: விளையாட்டில்லை. உள்ளே போய் யார்கிட்ட என்ன சொல்லணும்? எங்கே உக்காரணும்? பேர் கொடுக்கற வரைக்குமாவது கூட வாயேன். அஞ்சே நிமிஷம்.

நுவாலா: மாட்டேன்.

மலக்கி: கதவு வரைக்கும்.

நுவாலா: மலக்கி, வற்புறுத்தாதே. மூணு வாரமா உனக்குச் சொல்லிக்கொடுத்தேன்ல? அதுக்கு மேல... ஐயோ. கண்ணாடியை ஏன் இறக்குறே? யார் அது குடையோட வர்றது?

மலக்கி: ஃபின்டன் மாதிரி இருக்கு.

நுவாலா: ஏத்து, ஏத்து கண்ணாடியை.

ஃபின்டன்: நுவாலாவா அது? நுவாலாதானே? கார் நம்பரைப் பாத்ததும் நினைச்சேன்.

நுவாலா: ...ஆமா, ஃபின்டன். எப்படி இருக்கே?

ஃபின்டன்: நான் அப்படியேதான் இருக்கேன், வயிறு மட்டும் முன்னாடி போயிட்டிருக்கு. ஒன்றரை வருஷமா ஞாயித்துக்கிழமை ஆட்டத்தை நடத்தறது எனக்குப் பிடிக்கவே இல்லை. எல்லாரும் மரியாதையா ஆடுறாங்க. உன்னை மாதிரி மிரட்டறதுக்கு ஆளே இல்லை.

நுவாலா: நான் ஆட வரலை. இவனை விட வந்தேன்.

ஃபின்டன்: யாரை, மலக்கியையா? இவனுக்கு எதுக்குத் துணை? போன வாரம் கடைசி வரைக்கும் தாக்குப்பிடிச்ச மூணு பேர்ல ஒருத்தன் இவன். அவ்வளவு நல்ல ராஜா ஜோடியை ஆடாம எப்படிக் கீழே போட்டான்னு இன்னும் பேசிட்டிருக்காங்கப்பா... என்ன மலக்கி, ஏன் கண்ணடிக்கிறே? கண்ணுல தூசியா?

மலக்கி: ஒண்ணுமில்லை ஃபின்டன். நீ உள்ளே போ. நனையறே.

ஃபின்டன்: சரி சரி. ரெண்டு நாற்காலி இருக்கு. ஆட்டத்தைப் பத்து நிமிஷம் நிறுத்திவைக்கிறேன். அதுக்கு மேல என்னால முடியாது, நுவாலா.

மலக்கி: அக்கா.

நுவாலா: போன வாரமா?

மலக்கி: அது வந்து...

நுவாலா: ராஜா ஜோடியா?

மலக்கி: எதிர்ல இருந்தவர்கிட்ட அதைவிடப் பெரிய ஆஸ் ஜோடி இருந்துச்சு. எனக்குப் பட்டது, சீட்டைக் கீழே போட்டுட்டேன். சரியா இருந்துச்சு.

நுவாலா: எப்பலேர்ந்து வர்றே?

மலக்கி: அக்டோபர்லேர்ந்து. திட்டாதே. முழுசாச் சொல்லிடறேன். முதல்ல வந்தது உனக்காகத்தான். எல்லாரும் எப்படி இருக்காங்க, நீ வந்தா ஏதாவது கேப்பாங்களா, வெளிச்சம் எப்படி விழுது... பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன். சும்மா நிக்க முடியாதுன்னு ஃபின்டன் உக்கார வச்சுட்டான். அன்னிக்கு நான் பட்ட பாடு இருக்கே, அக்கா. என் முறை வந்தப்போ வலது கை மேஜையில மவுஸைத் தேடுது. பக்கத்துல இருந்த அம்மா, 'எதையாவது தொலைச்சுட்டீங்களா'ன்னு கேக்கறாங்க. பதில் சொல்ல வாயைத் திறந்தா குரலே வரலை. அன்னிக்கு முழுக்க நான் யார்கிட்டயும் பேசவே இல்லை, அதுதான்.

நுவாலா: தோத்தியா?

மலக்கி: இருபது நிமிஷத்துல. எழுந்து மேஜையைத் தட்ட மறந்துட்டு, நன்றின்னு அந்த அம்மா கையைப் பிடிச்சுக் குலுக்கிட்டு வந்தேன். ஆனா அடுத்த வாரமும் வந்தேன். அதுக்கப்புறம் வந்ததெல்லாம் எனக்காகத்தான். கம்ப்யூட்டர்ல ஆறு வருஷம் ஆடினேன். ஜெயிச்சா கூடச் சிரிக்க ஒரு ஆள் கிடையாது. இங்கே தோத்தாக்கூட யாராவது சூப் வாங்கிக்கொடுத்து, நீ எங்கே தப்பு பண்ணினேன்னு அரை மணி நேரம் சொல்றாங்க.

நுவாலா: அப்போ என் சமையலறையில கொட்டின சீட்டெல்லாம்?

மலக்கி: வேணும்னே கொட்டினது. நேரா கூப்பிட்டா நீ வரமாட்டே. பத்து தடவை கூப்பிட்டுப் பாத்தாச்சு. எனக்குச் சொல்லிக்கொடுன்னு கேட்டா, சொல்லிக்கொடுக்கற வேகத்துல உனக்கே ஆசை வரும்னு நினைச்சேன். பொய் சொன்னது தப்புதான். வேன் பிரேக்கும் நல்லாத்தான் இருக்கு. கோவம்னா வீட்டுக்குத் திருப்பு. நானும் வர்றேன். இன்னிக்கு ஆட வேண்டாம்.

நுவாலா: ஃபிளாஸ்க்கை எடுத்துப் பின்சீட்டுல வை.

மலக்கி: எதுக்கு?

நுவாலா: வைடா. ஸ்கார்ஃபையும் வாங்கிக்கோ.

மலக்கி: அக்கா... கோவமில்லையா?

நுவாலா: போன நவம்பர்லயே ஃபின்டன் பெண்டாட்டி போன் பண்ணிச் சொல்லிட்டா. 'உன் தம்பி ஞாயித்துக்கிழமை தவறாம வர்றான், நல்லா ஆடுறான்'னு.

மலக்கி: நவம்பரா? அப்போ மூணு வாரமா நான் நடிக்கிறேன்னு தெரிஞ்சேதான் சொல்லிக்கொடுத்தியா? எதுக்கு?

நுவாலா: தானா இறங்கி நடந்து வர எனக்குத் தைரியம் இல்லைடா. யாராவது ஏமாத்திக் கூட்டிட்டுப் போகமாட்டாங்களான்னு ஒன்றரை வருஷமா உக்காந்திருந்தேன். பத்து நிமிஷம்னு சொன்னான். கதவைத் திற.