வாய்க்கால் மூலை

கூடலூரிலிருந்து தேனி போகும் பேருந்தில், என் முன்சீட்டில் ஒரு திராட்சைத் தோட்டக்காரர். தோட்டத்துக் கம்பி வேலிக்குக் கேமரா வாங்கப் போகிறார். பக்கத்தில் அவர் ஊர்ப் பெரியவர்.

“வேலி நெடுக மாட்டப் போறேண்ணே. வாய்க்கா மூலைக்கு மட்டும் வேணாம்னுட்டேன்.”

தூங்கலாம் என்றிருந்த எனக்கு அதோடு தூக்கம் போயிற்று.

“களவாணிப் பய அந்த மூலையிலதானப்பா உள்ள வாரான்? கம்பி அங்கனதான வளைஞ்சு கெடக்கு?”

“ஆமாண்ணே.”

“பெறகு மத்த எடத்துல எதுக்கு? கொக்கு குருவியப் படம் பிடிக்கவா?”

“அங்கன வச்சா ஆளு யாருன்னு தெரிஞ்சுரும்ல.”

“ஊருக்கே தெரியுமேப்பா, ஒங்க அக்கா வீட்டுக்காரருன்னு.”

“தெரியிறது வேற, படத்துல பாக்குறது வேறண்ணே. பாத்துட்டா கேக்கணும். கேட்டா எங்கக்கா பெறகு நம்ம வாசல மிதிக்காது.”

“அதுஞ்சரிதான். அங்கன கேமரா இல்லன்னு அவருகிட்டச் சொல்லிட்டியா? பாவம், வேற பக்கமா வந்து மாட்டிக்கிறப் போறாக.”

“சொல்லணுமா? எங்கெங்க வைக்கணும்னு வேலியச் சுத்திக் காட்டுனதே மச்சான்தாண்ணே. வாய்க்கா மூலைக்கு வந்ததும், ‘இங்கன எவன் வரப்போறான்’னுட்டாக.”