ஜெல் உடைந்த ஓசை

எண்ணெயும் தண்ணீரும் முறைத்துக்கொண்டு பிரிவதை மூன்று அறை தள்ளி உட்கார்ந்தே கேட்டுவிடுவேன். சிரிக்காமல் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. ஆய்வகத்தில் எனக்குப் பாம்புச்செவி என்றே பட்டப்பெயர்.

வேலை எளிது. எண்ணெயையும் தண்ணீரையும் கலந்து, நடுவில் பொடித் துகள்களை நெருக்கி நிறுத்தினால், இரண்டும் பின்னிக்கொண்டு ஜெல்லாக நிற்கும். ஒளி பாய்ச்சினால் எண்ணெய்ப் பக்கம் கெட்டிப்படும். தண்ணீர் இருந்த வழிகளில் உப்புக் கரைசலை நிரப்பினால், அயனிகள் கடக்கும் தாள் தயார். பேட்டரிக்குள் இரு முனைகளும் முட்டிக்கொள்ளாமல் தடுப்பது அதுதான்.

அன்று ஒளி பாய்வதற்குச் சற்று முன் கிண்ணத்தில் ஓர் ஓசை. எறும்பு கொட்டாவி விட்டால் கேட்குமே, அவ்வளவுதான்.

"இது உடைஞ்சிருச்சும்மா," என்றேன், தாளை அளந்து பார்க்கும் பெண்ணிடம்.

"மீட்டர் பிரமாதமா கடத்துதுங்குது. எனக்கே காது குத்துறீங்களா சார்?"

எல்லாரும் சிரித்தார்கள். சோதனை அறையில் வேலை பார்த்த அவள் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

கடத்தும்தான். வழி உடைந்து அகலமானால் அயனிகளுக்குக் கொண்டாட்டம். தாளுக்குத்தான் வலு போய்விடும். மீட்டர் வலுவைப் பார்க்காது.

மதியம் ஒரு துண்டு வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தேன். கிழிந்த சல்லடை. காட்டியிருந்தால் ஒரு நிமிட வேலை. ஆனால் யோசித்துப் பாருங்கள், பெயர் நுண்ணோக்கிக்கல்லவா போயிருக்கும்? துண்டை, நுண்ணோக்கியில் வைத்த கண்ணாடிச் சில்லோடு சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பேட்டரி லேசாகப் புகையும், என் பக்கம் திரும்புவார்கள் என்றுதான் நினைத்தேன். ஐந்தாம் நாள் அந்தத் தாள் வைத்த பேட்டரி வெடித்தபோது அவள் கணவர் சோதனை அறைக்குள் இருந்தார். கதவு இறுகிவிட்டது. அவர் தட்டியது என் காதில் மட்டும்தான் விழுந்தது. அந்தப் பெருமையில் எழுந்திருக்கக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. கதவை உடைத்துத் திறந்தபோது அவர் உயிரோடு இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் குழாய் சொட்டினாலும் அதே தட்டல். பஞ்சு வைத்துப் பார்த்தேன். இன்னும் தெளிவாகக் கேட்கிறது.

போன வாரம் அவளை வரவழைத்துச் சில்லைக் கொடுத்தேன். அதில் ஒட்டிய சீட்டில் தேதியும் 'உடைந்தது' என்ற என் கையெழுத்தும் இருந்தன. அவள் அழவில்லை. ஒன்பது வருடம் காத்திருந்தவன் நான், அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களிடம் புகார் கொடுக்கக் கிளம்பும் முன் வாசலில் நின்று சொன்னாள்.

"அந்த ஜெல் உடைஞ்சது உங்களுக்கு நிஜமாவே கேட்டிருக்கு சார்."