நாற்பத்தொரு மணி நேரமாக ஒரு சொட்டு இல்லை

ஹலோ... ஆமாப்பா, நாப்பத்தொரு மணி நேரம். தெரியும்... நானும் எண்ணிட்டுதான் இருக்கேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஸ்டியரிங் பாக்ஸ மூடினோம், இப்ப ஞாயித்துக்கிழமை காலைல பத்து. கணக்கு சரிதான்... இல்லப்பா, வாழ்த்து சொல்லக் கூப்பிடல. ஏழு தடவ அடிச்சேன், எடுக்கவே இல்லையே... ஓட்டும்போது எடுக்க மாட்டீங்க. சரி. நல்ல பழக்கம்தான்...

இப்ப எங்க இருக்கீங்க?... ஓ. மாமா வீட்டுக்கே போய்ச் சேந்தாச்சா.

ஒண்ணும் இல்ல. என் குரல் எப்பவும் இப்படித்தான் இருக்கும்... மத்தியானம்தான் கிளம்புவேன்னு சொன்னீங்க. நான் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள வண்டியக் காணோம். அதான்... ஆமா... ஆமா, பதினேழு வருஷம். தெரியும்பா, அந்தத் தட்டுதானே. நாம போய் நின்ன உடனே, ஒழுகற ஆயிலப் பிடிக்க மாமா அலுமினியத் தட்டத் தூக்கிட்டு ஓடி வந்து வண்டிக்கு அடில வைப்பார். ‘விருந்தாளிக்கு முதல்ல தட்டு வைக்கணும்’பார். எனக்கும் ஞாபகம் இருக்கு... இன்னைக்கும் எடுத்துட்டு வந்தாரா?... நீங்க வாங்கி அத்தை கையில குடுத்துட்டீங்களா. என்ன சொல்லிக் குடுத்தீங்க?... ‘இனிமே இதுல செடி வச்சுக்கோங்க’ன்னா. அப்பா...

எங்க நிறுத்தியிருக்கீங்க?... அந்தப் புது வெள்ளை டைல்ஸ் மேலயா. அடில ஒண்ணுமே விரிக்காம... இல்ல, சொட்டாதுப்பா. கண்டிப்பா சொட்டாது. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல.

அது வேற விஷயம். வழியில ஸ்டியரிங் எப்படி இருந்துச்சு?... இறுக்கமா. எவ்வளவு இறுக்கமா?... ரெண்டு கையும் போட்டு... பல்லையும் கடிச்சுக்கிட்டு. சரி... இல்லப்பா, புது சீல்னால அப்படி வராது. அது வெறும் ரப்பர் வளையம்பா, அவ்வளவு பிடிக்காது... சத்தம் ஏதாவது வந்துச்சா?... திருப்பும்போது மட்டும். என்ன மாதிரி சத்தம்?... பூனைக்குட்டி மாதிரியா. ஒரு பூனைக்குட்டியா, நிறையவா?... கிளம்பும்போது ஒண்ணு, போய்ச் சேரும்போது ஒரு குடும்பமே. சரி.

அப்பா, நான் ஒரு விஷயம் சொல்லணும். வெள்ளிக்கிழமை... என்னது, அட்டையா? எந்த அட்ட?... ஷெட்ல வண்டிக்கு அடில விரிச்சிருந்த அட்டையையா எடுத்துட்டுப் போயிருக்கீங்க?... சாட்சிக்கு. அதுல தேதி, நேரம்... அம்மா கையெழுத்து வேறயா?

இருங்க, ஒரு நிமிஷம்... அம்மா, நேத்து அப்பா நீட்டின அட்டையில கையெழுத்துப் போட்டியா?... கூரியர்னு நெனச்சியா. சரி, போ.

இருக்கேன்பா, இருக்கேன். அம்மாகிட்டதான் பேசினேன்... ஆமா, ரொம்பப் பெருமையா இருக்காங்க...

மாமா என்ன பண்றார்?... குனிஞ்சு பாக்கறாரா. முட்டி வலியோடயா... கைக்குட்டையால பெட்டிக்கு அடில தொடச்சாரா... வெள்ளையாவே வந்துச்சா. ம். வரும்... அதுக்கு மாமா என்ன சொன்னார்?... ‘நான் தோத்துட்டேன் மாப்பிள்ள’ன்னா? மாமாவா? உங்ககிட்டயா?... தோள்ல கை போட்டு...

அப்பா, அழறீங்களா?... தூசியா. சரி. தூசிதான்.

கொஞ்சம் லைன்ல இருங்க... அம்மா, ஏன் இப்படி கைய ஆட்டற? எப்படி சொல்லாம இருக்கறது... ‘இன்னைக்கு ஒரு நாள் சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டும்’னா, இன்னைக்குத்தானே அவர் வண்டி ஓட்டறார்... நீ சொல்றியா? இந்தா, நீயே பேசு... மாட்டியா. அப்ப சும்மா இரு.

ஆங், சொல்லுங்கப்பா... ஸ்பீக்கர்ல வேண்டாம்பா. அப்பா, வேண்டாம்... போட்டாச்சா.

வணக்கம் மாமா... நல்லா இருக்கேன் மாமா... வணக்கம் அத்தை... பக்கத்து வீட்டு டாக்டர் அங்கிளும் இருக்காரா. வணக்கம் அங்கிள்... நான் என்ன சொல்றது, அப்பாவே சொல்வாரே... விஞ்ஞான முறைப்படி நான்தான் சொல்லணுமா. சரி.

அது வந்து... ஸ்டியரிங் பாக்ஸ்ங்கறது ஒரு சின்ன இரும்புப் பெட்டி. உள்ள பல்லும் பல்லும் உரசித் திரும்பும்... உங்களுக்குத் தெரியும் மாமா, மன்னிச்சுக்கோங்க. டாக்டர் அங்கிளுக்காகச் சொன்னேன். பெட்டிக்குக் கீழ ஒரு தண்டு வெளிய வருது. அந்தச் சந்து வழியாத்தான் ஆயில் சொட்டும். இந்த வண்டி வந்த காலத்துல அங்க ஒரு தக்கை வளையம் மட்டும்தான். அது தேஞ்சு போச்சு. தண்டுலயும் பள்ளம். அதனால பட்டறைல தண்ட சரி பண்ணி, புது ஆயில் சீல் போட்டோம். மேல் மூடிக்கு அடில இடுக்கு விழாம இருக்க, தடிமனான தாள்ல புதுசா பேக்கிங் வெட்டினோம்... ஆமா மாமா, நான்தான் வெட்டினேன். என்னோட கத்திரிதான்... ரெண்டு பக்கமும் பேஸ்ட் தடவி, போல்ட்ட மாத்தி மாத்தி இறுக்கினோம். அவ்வளவுதான்.

பேஸ்ட்டா? ட்யூப்ல வரும் மாமா. தடவினா காயணும்... எவ்வளவு நேரம்னு ட்யூப்புக்குப் பின்னாடி பொடி எழுத்துல போட்டிருக்கும்... நான் படிச்சேன். அப்பா அதெல்லாம் படிக்க மாட்டார்... சிரிக்காதீங்க மாமா. உண்மையாவே படிக்க மாட்டார்.

என்னது?... எல்லாரும் ஒரு ரவுண்டா. எங்க?... ஏரிக்கா? அந்த இறக்கத்துல ஒன்பது வளைவு இருக்கேப்பா... மாமாவே ஓட்டறாரா. ஷூவுல கறை படும்னு பதினேழு வருஷமா நம்ம வண்டில கால் வைக்காதவர்... அத்தையும் ஏறிட்டாங்களா. டாக்டரும்... சாவியக் குடுத்துட்டீங்களா?

அப்பா, வேண்டாம்... வேண்டாம்னா வேண்டாம்பா... பயமெல்லாம் இல்ல... சொல்றேன். ஸ்பீக்கர அமத்திட்டு மரத்துக்கிட்ட தனியா வாங்க, சொல்றேன்... எல்லார் முன்னாடியும்தான் சொல்லணுமா. நம்ம வெற்றியில ரகசியம் இல்லையா. சரி.

வெள்ளிக்கிழமை மூடிய இறுக்கினதும் நீங்க குளிக்கப் போனீங்க. மிச்ச வேலைய என்கிட்ட விட்டுட்டுப் போனீங்க, ஞாபகம் இருக்கா?... அப்பதான் நான் ட்யூப்பப் படிச்சேன். இருபத்துநாலு மணி நேரம் காயணும்னு போட்டிருந்துச்சு... இதோ, அதான். ‘கம்பெனிக்காரன் சும்மா போடுவான்’னு இப்படியே சொல்வீங்கன்னுதான் உங்ககிட்ட சொல்லல... கேளுங்கப்பா. சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு மிச்ச வேலைய முடிச்சிடலாம்னு இருந்தேன். நீங்க காலைலயே அட்டையப் பாத்துட்டு, யாரும் தொடக் கூடாதுன்னு ஷெட்ட பூட்டி சாவிய இடுப்புல சொருகிட்டீங்க. மூணு தடவ சொல்ல வந்தேன். மூணு தடவையும் சிரிச்சுக்கிட்டே இருந்தீங்க. நீங்க அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லப்பா.

மாமா, ஸ்டார்ட் பண்ணாதீங்க. சத்தம் கேக்குது... அமத்திடுங்க மாமா. ப்ளீஸ்... ம். அத்தை, அந்தத் தட்டுல இன்னும் செடி வைக்கலையே?... இருக்கட்டும், பத்திரமா வைங்க.

அப்பா, வேலைல தப்பு ஒண்ணும் இல்ல. நீங்க சீல் போட்ட அழகே அழகு. ஆனா அது தாங்குமா தாங்காதான்னு இன்னும் யாருக்கும் தெரியாது... நாப்பத்தொரு மணி நேரம் ஆனாலும் தெரியாதுப்பா. ஏன்னா...

என்ன மாமா?... என்ன ஆயில் ஊத்தினோம்னா...

பாட்டில் என் மேஜை மேல இருக்கு மாமா. மூடியக்கூடத் திறக்கல. பெட்டிக்குள்ள ஒரு சொட்டு ஆயில் கிடையாது.