இரு தந்தையரை ஒப்பிடுக

அப்பா: ...அதனால 'கல்தச்சர் பொல்லாதவர், ஸ்டேஷன் மாஸ்டர் நல்லவர்'னு போட்டு முற்றுப்புள்ளி வை. முடிஞ்சது.

சின்னவள்: நாலு பக்கம் கேட்டிருக்காங்கப்பா. நீங்க நாலு வார்த்தை சொல்றீங்க.

அப்பா: எழுத்தைப் பெருசு பண்ணு.

சின்னவள்: கேள்வியை இன்னொரு தடவை வாசிக்கிறேன். 'இரு நாவல்களிலும் வரும் தந்தையரை ஒப்பிடுக. இருவரில் உமக்கு நெருக்கமானவர் யார், ஏன்?' அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும். இப்ப மூணே கால்.

அப்பா: விடியறதுக்கு முன்னாடி பஸ்ஸை எடுத்தவன்மா நான். கண்ணு சொருகுது.

சின்னவள்: ஐம்பத்தாறு வயசுல, பஸ் ஓட்டிக்கிட்டே, உங்களை யாரு அஞ்சல் வழியில இலக்கியம் படிக்கச் சொன்னது?

அப்பா: பொழுது போகணும்ல.

சின்னவள்: டிப்போவுல எல்லாரும் சீட்டாடித்தான் பொழுதைப் போக்குறாங்க.

அப்பா: எனக்குச் சீட்டு கைகொடுக்காது. நீ டைப் அடி. என் விரலுக்கு ஸ்டியரிங்தான் வரும்.

சின்னவள்: சரி, கல்தச்சர்ல ஆரம்பிங்க. ஏன் பொல்லாதவர்?

அப்பா: பொண்ணு நாடகக் கம்பெனியில சேரப் போறேங்கிறா. இந்தாளு கையில இருந்த உளியை வாசல்ல வீசுறான். 'இதைத் தாண்டிப் போனா திரும்பி வராதே'ங்கிறான். அவ தாண்டிட்டா. அதுக்கப்புறம் பத்து வருஷம் அவ பேரையே எடுக்கலை.

சின்னவள்: ம்... எங்கயோ கேட்ட மாதிரி இருக்கு.

அப்பா: நான் உளி எல்லாம் வீசலை.

சின்னவள்: நான் உங்களைச் சொல்லலையே. நீங்க வீசினது சாப்பாட்டுத் தட்டு. 'கதை படிச்சவ எவ உருப்பட்டா? பாங்க் வேலைக்குப் போறதா இருந்தா இந்த வீட்டுல இரு.' அக்கா ஒரு பெட்டியோட இறங்கிப் போனா. ஏழு வருஷம் ஆச்சு.

அப்பா: தட்டு தானா கைநழுவி விழுந்தது... நீ பாடத்துக்கு வா. ஸ்டேஷன் மாஸ்டரைப் பாரு, தங்கமான மனுஷன். மகன் மலை ஊருக்கு வாத்தியாரா போறேன்னதும் தானே கொடி காட்டி ரயிலை அனுப்பி வைக்கிறார். ஒரு சுடுசொல் கிடையாது. மகனோட ஊருக்குப் போற ரயில் வரும்போதெல்லாம் பிளாட்பாரத்துல வந்து நிக்கிறார். மழையானாலும் வெயிலானாலும்.

சின்னவள்: நிக்கிறார். ஏறினாரா?

அப்பா: என்னது?

சின்னவள்: அந்த ரயில்ல ஒரு நாளாவது ஏறினாரான்னு கேக்கிறேன்.

அப்பா: லீவு கிடைச்சிருக்காது.

சின்னவள்: இருபத்திரண்டு வருஷமாவா? அவருக்கு டிக்கெட்டு கூட வேண்டாம்பா.

அப்பா: ஏறி, அங்க போய், மகன் முகத்தைத் திருப்பிக்கிட்டா? கோபமா அனுப்பியிருந்தாலாவது மன்னிப்பு கேக்கலாம். கோபமே படாதவன் என்னன்னு போய் நிப்பான்?

சின்னவள்: இது நல்லா இருக்கு. இதைப் போட்டுக்கிறேன்.

அப்பா: நிஜமாவா? மேடம் ஒத்துக்குவாங்களா?

சின்னவள்: உங்க மேடத்தைப் பத்தி எனக்கு என்ன தெரியும்?

அப்பா: கெட்டிக்காரங்க. போன தடவை நான் தப்புந்தவறுமா எழுதினதுக்கு, ஓரத்துல 'பார்த்ததை எழுதியிருக்கிறீர்கள், படித்ததை அல்ல, நன்று'ன்னு போட்டிருந்தாங்க. அந்தத் தாளை மடிச்சு பஸ்லயே வெச்சிருக்கேன்.

சின்னவள்: வகுப்புல பேசுவீங்களா?

அப்பா: போன்லதானே வகுப்பு. கேமராவை அணைச்சிடுவேன். ஒரே ஒரு தடவை, 'நாற்பத்தோராம் நம்பர் இருக்கீங்களா'ன்னு கேட்டாங்க. மைக்கைத் தொடலை. 'உள்ளேன் அம்மா'ன்னு டைப் பண்ணிப் போட்டேன். அதுக்கு மட்டும் எனக்கு விரல் வந்துச்சு.

சின்னவள்: அதுக்கு என்ன சொன்னாங்க?

அப்பா: அவங்க கேமராவும் அணைஞ்சிடுச்சு. அப்புறம் நெட்வொர்க் கோளாறுன்னு சொல்லி வகுப்பை முடிச்சிட்டாங்க.

சின்னவள்: ஓ.

அப்பா: என்ன 'ஓ'?

சின்னவள்: ஒண்ணுமில்லை. கல்தச்சர் கதையோட முடிவுக்கு வாங்க. அதைப் பத்தி ஒரு வரி கூட சொல்லலையே.

அப்பா: முடிவுன்னா... அவன் திருந்தலை. அவ்வளவுதான்.

சின்னவள்: அப்பா, கடைசி அத்தியாயம் படிச்சீங்களா?

அப்பா: மேலோட்டமா.

சின்னவள்: புத்தகம் இங்கதான் இருக்கு. கடைசி இருபது பக்கம் விரிச்ச அடையாளமே இல்லை. புதுசா மடிப்புக் கலையாம இருக்கு.

அப்பா: படிக்கலை, போதுமா? அந்தாளு இருமிக்கிட்டு இருந்தான். எங்க அவளைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்துடுவானோன்னு... மூடி வெச்சிட்டேன்.

சின்னவள்: சாகலைப்பா.

அப்பா: சாகலையா?

சின்னவள்: பஸ் ஏறி அவ இருக்கிற ஊருக்குப் போறார். அவ வீட்டுக் கதவைத் தட்டுறார். 'வழிப்போக்கன், கொஞ்சம் தண்ணி கிடைக்குமா'ங்கிறார்.

அப்பா: பொண்ணு?

சின்னவள்: அவளுக்குப் பார்த்ததுமே தெரிஞ்சிடுது. காட்டிக்கலை. செம்புல தண்ணி கொண்டுவந்து கொடுக்கிறா. குடிச்சிட்டுச் செம்பைக் கழுவித் திருப்பித் தர்றார். அப்போ அவர் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிக்கிட்டுப் போறா. அத்தோட கதை முடியுது.

அப்பா: அப்ப பொல்லாதவன்தான் போனானா?

சின்னவள்: ஆமா. நல்லவர் பிளாட்பாரத்துலயே நின்னார்.

அப்பா: முதல் வரியை அழிச்சிடு.

சின்னவள்: அழிச்சாச்சு. உங்களுக்கு நெருக்கமானவர் யாரு, சொல்லுங்க.

அப்பா: எழுதிக்கோ. 'வீசியதில் நான் கல்தச்சர். நின்றதில் நான் ஸ்டேஷன் மாஸ்டர்.' சரியா இருக்கா?

சின்னவள்: ம்... மேல சொல்லுங்க.

அப்பா: 'நான் ஓட்டும் பேருந்தின் முதுகில் ஒரு கல்லூரி விளம்பரம் ஒட்டினார்கள். அதில் ஆசிரியர்களின் படங்கள் இருந்தன. ஒரு முகத்தை எனக்குத் தெரியும். மூன்று மாதம் அந்த முகத்தை முதுகில் சுமந்துகொண்டு ஊரெல்லாம் ஓட்டினேன். பிறகு அந்தக் கல்லூரி வழியாகப் போகும் தடத்தைக் கேட்டு வாங்கினேன்.' வேகமா போறேனா?

சின்னவள்: இல்லை. சொல்லுங்க.

அப்பா: 'ஒரு நாள் அவர் நிறுத்தத்தில் குடையுடன் நின்றார். வேறு பேருந்துக்காக. நான் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தேன். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அவர் போனிலிருந்து நிமிரவில்லை. நான் அழைக்கவும் இல்லை. மறுநாள் அந்தக் கல்லூரியே நடத்தும் இந்த அஞ்சல் வழிப் படிப்பில் சேர்ந்தேன்.' மூக்கை ஏன் உறிஞ்சுறே? எழுதினியா?

சின்னவள்: எழுதிட்டேன்.

அப்பா: உங்க அக்காதான்மா அந்த மேடம்.

சின்னவள்: ம்.

அப்பா: வெறும் 'ம்' தானா? ஒரு வருஷமா உங்க அம்மாகிட்ட கூட மூச்சு விடாம வெச்சிருந்தேன்.

சின்னவள்: முதல்ல முடிங்க. மணி நாலரை.

அப்பா: 'கதை படித்தவர் உருப்படமாட்டார் என்று ஒருவன் சொன்னான். இப்போது அவனே கதை படிக்கிறான், அவரிடமே. கல்தச்சர் தண்ணீர் கேட்டார். எனக்கு அந்தத் துணிச்சல் வர இன்னும் எத்தனை பக்கம் படிக்க வேண்டும் என்று தெரியவில்லை.' அவ்வளவுதான்.

சின்னவள்: இப்படியே அனுப்பட்டுமா?

அப்பா: வேண்டாம்... இரு. படிச்சா ஆளு யாருன்னு தெரிஞ்சு போயிடும்.

சின்னவள்: தெரியட்டுமே.

அப்பா: முகத்தைத் திருப்பிக்கிட்டா?

சின்னவள்: திருப்பிக்கிட்டா, வர்ற வாரம் முழுக்க உங்களுக்கு நான் சீட்டாடக் கத்துத் தர்றேன்.

அப்பா: கிண்டலா... சரி, அனுப்பு.

சின்னவள்: அனுப்பியாச்சு.

அப்பா: போச்சா? திரும்ப எடுக்க முடியாதா?

சின்னவள்: முடியாது.

அப்பா: மத்த அறுபது பேரும் ரெண்டு அப்பன்களையும் அக்குவேறா ஆணிவேறா பிரிச்சு மேய்ஞ்சிருப்பாங்க. நான் ஒருத்தன்தான் சொந்தக் கதை அளந்திருப்பேன். மார்க்கைக் குறைச்சிடுவாளோ?

சின்னவள்: மத்த அறுபது பேருக்கும் அனுப்பின கேள்வி, அந்த ரெண்டு நாவல்லயும் வர்ற மழையைப் பத்திப்பா. உங்க பேரை முதல் நாளே பட்டியல்ல பார்த்துட்டா அக்கா. அப்பாக்களைப் பத்தின கேள்வி நாற்பத்தோராம் நம்பருக்கு மட்டும்தான் போச்சு... போன ஞாயித்துக்கிழமை அவளும் நானும் உக்காந்து, ஆறு தடவை அடிச்சுத் திருத்தி எழுதினோம்.