சூடு போக வழி

— மூணாவது நாளா உச்சிப் பொழுதுக்கு மில்லு இன்ஜின் நின்னுபோவுது. நீ டிரைவரா கன்னியப்பா, இல்ல மிசினைத் தாலாட்டித் தூங்க வெக்கிறவனா?

— எண்ணெயைப் பார்த்துட்டேன், மொதலாளி. வால்வையும் பார்த்துட்டேன். எல்லாம் வரிசையா நோட்டுல எழுதி…

— நோட்டா நெல்லு அரைக்கும்? பிரெஞ்சுக்காரன் இருந்தவரைக்கும் நல்லா ஓடுன மிசினு. அவன் போயி நாலு வருஷத்துல உன் கையில சாவுது. வெளக்கு வெக்கிறதுக்குள்ள அத்தினி மூட்டையும் அரைக்கலைன்னா, நாளைக்கு நீ வராத.

— போயிட்டாரு தம்பி. மூஞ்சியைத் தொடைச்சிக்க.

— நான் இந்த வேலைக்கே லாயக்கில்லையோ என்னமோ, தனக்கொடியக்கா. சாயங்கால மிசின் கிளாஸ்ல வாத்தியாரு முசே தேவதாஸ் சொன்னப்ப புரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சி.

— என்ன சொன்னாரு? நெல்லு ஊற வெக்கிறவளுக்குப் புரியறாப்புல சொல்லு, பார்ப்போம்.

— வாணல்ல நெல்லு பொரியாயி எகிறுதில்ல? உள்ள இருக்கிற ஈரம் ஆவியாயி தள்ளுது. அதே மாதிரி சிலிண்டருக்குள்ள எண்ணெய் எரியுது. காத்து சூடேறி உப்புது. பிஸ்டனைத் தள்ளுது. பிஸ்டன் சக்கரத்தைச் சுத்துது.

— அத்தினி சூடும் சக்கரத்துக்கே போயிடுமா?

— நாலுல ஒரு பங்கு போனா பெருசு. மிச்சம் புகையிலயும், இன்ஜினைச் சுத்தி வர்ற இந்தத் தொட்டித் தண்ணியிலயும் வெளிய போயாவணும். போவலைன்னா இரும்பே பெருத்து, பிஸ்டன் இறுகிக்கும்.

— ஐயோ! அப்ப தொட்டித் தண்ணி ஆறணுமா?

— ஆமா. ஏங்க்கா?

— நான் அதை ஆறவுடாம சாக்குப் போட்டு மூடி வெச்சிருக்கேனே! நெல்லு ஊற வெக்க சாயங்காலம் சுடுதண்ணி வேணுமில்ல?

— அந்தச் சாக்கா? காயப்போட்டதுன்னுல்ல நெனச்சேன்! எடுக்கா, எடு! பச்சைத்தண்ணி ஊத்தாத, சூட்டுல இரும்பு வெடிச்சிடும். தானா ஆறட்டும்.

— …இப்ப கை வெக்க முடியுது தம்பி. சக்கரத்தைச் சுத்திப் பாரு.

— நகருதுக்கா! புடிச்சிடுச்சி!

— அப்படிப் போடு! கொட்டுறேன் மூட்டையை!

— நாலு மணி நேரமா ஓடுது. இந்நேரம் நின்னுருக்கணுமே. இப்ப நிக்குமோ?

— வாயைக் கழுவு. இதான் கடைசி மூட்டை. கடைசி மூட்டை, தம்பி!

— என்னடா கன்னியப்பா, நிக்கவே இல்லியே! என்ன பண்ண?

— தொட்டியை சாக்கால மூடியிருந்துது, மொதலாளி. சூடு போவ வழியில்ல. எடுத்துட்டோம்.

— மூடியிருந்துதா? மூணு நாளா என் மிசினைக் கெடுத்த அறிவுகெட்ட ஜென்மம் எது? இப்பவே வெளிய போவட்டும்!

— திங்கக்கெழமை காலையில, "மூடி வெய்யி தனக்கொடி, வெறகு மிச்சம்"னு நீங்கதான மொதலாளி சொன்னீங்க?