ரெக்கார்டு ரூம் கிடைத்தவர்

வடக்கனந்தல் பேருந்து கள்ளக்குறிச்சியில் கிளம்பாமல் நின்றுகொண்டிருந்தது. என் முன் இருக்கையில் ஒரே அலுவலகத்தைச் சேர்ந்த இரண்டு பெண்கள். மூத்தவள் சொன்னாள்: “அந்தாளுக்கு ரெக்கார்டு ரூம் குடுத்துட்டாங்க. எனக்கு வயிறு எரியுது.”

அரசு அலுவலகத்தில், பழைய கோப்புகள் கிடக்கும் ரெக்கார்டு ரூம் என்பது தண்டனை. பணியில் இருந்தபோது நானே இரண்டு பேரை அங்கே அனுப்பியிருக்கிறேன். அதனால் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“இன்னாக்கா இது? மனு குடுக்க வந்தவங்ககிட்ட கத்துறாருன்னு அவர அங்க தள்ளி வுட்டாங்க. நீ முன்னாடி கவுண்டர்ல ராணி மாதிரி உக்காந்துகினு இருக்க.”

“அவரு கதவ சாத்திக்கினு, யார் மூஞ்சியும் பாக்காம ஃபைலு கட்டிக்கினு இருப்பாரு. நான் நாள் முழுக்க சிரிச்சிக்கினு இருக்கணும்.”

“உனக்குத்தான் சிரிப்பு தானா வருதே.”

“அது கண்ணாடி பாத்து பழகினது. ஒருத்தர் கண்ண எவ்ளோ நேரம் பாக்கணும்னு மனசுக்குள்ள எண்ணிக்கினே பேசுவேன். வூட்டுக்கு போனா புள்ள கூப்புட்டாகூட வாய் தொறக்க முடியல. ஆட்டிசம்னு டாக்டர் எழுதியே குடுத்துட்டாரு.”

“அத ஆபீசர்கிட்ட காட்டி ரூம கேளேன்.”

முறையான வழி அதுதான். சான்றின் நகலோடு ஒரு விண்ணப்பம் போதும்.

“கேட்டேன். ‘இவ்ளோ நல்லா பேசுறீங்க, உங்களுக்காம்மா’ன்னு திருப்பிக் குடுத்துட்டாரு.”

“அப்ப நீயும் நாலு பேருகிட்ட கத்திடு. ரூம் தானா வரும்.”

“இன்னிக்கு கத்திப் பாத்தேன். மனு குடுக்க வந்த அம்மா, ‘பொறுமையா சொன்னீங்க, நல்லா இருங்க’ன்னு கும்புட்டுட்டு போச்சு. அந்தாளுக்கு மட்டும் எப்டிதான் வருதோ.”