டீச்சரை வாசலில் நிறுத்தியவர்கள்

அவைத் தலைவர் அவர்களே, இந்தக் குளிர்காற்றிலும் படகேறித் தீவுக்கு வந்திருக்கும் நண்பர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், டீச்சரோடு ஒரு வாழ்நாளையே பகிர்ந்துகொண்ட மார்ட்டா அவர்களே, மேடையில் எனக்கு இடப்பக்கம் வீற்றிருக்கும் பெலிக்கன் நடனக்கூடத்தின் உரிமையாளர் திரு. லைல் பிராண்ட் அவர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் சில்வியோ. நியூயார்க்கில் நாடகங்களுக்கு உடை தைப்பவன். கோடைக்கால ஞாயிறுகளில் பெலிக்கனில் இசைத்தட்டு போட்டவன். அழகாகப் பேச எனக்கு வராது. இன்று அழகாகப் பேசும் எண்ணமும் இல்லை.

ஹெஸ்டர் குயின்லன் மறைந்துவிட்டார். நமக்கெல்லாம் அவர் டீச்சர். புரூக்ளினில் பெண்கள் பள்ளியொன்றில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தவர். தோள்கள் அகன்றவர், குரல் அதைவிட அகன்றது. கடற்கரையின் அந்த முனையிலிருந்து அவர் கூப்பிட்டால் இந்த முனையில் குளித்துக்கொண்டிருப்பவன் நிமிர்ந்து நிற்பான்.

இங்கே இளைஞர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியுமா, அந்தக் காலத்தில் நாம் எப்படி ஆடினோம் என்று? ஆணை நேசிக்கும் ஆணும் பெண்ணை நேசிக்கும் பெண்ணுமான நம்மைப் போன்றவர்களுக்கு மது ஊற்றினால் கடையை மூடிவிடுவார்கள். அதனால் பெயருக்குத் தேநீர் நடனம். அதனால் பட்டப்பகல். ஞாயிறு மதியம் ஆடிவிட்டு மாலைப் படகைப் பிடித்தால் திங்கட்கிழமை எதுவுமே நடக்காதது போல அலுவலகத்தில் உட்காரலாம். ஆணும் ஆணும் கைகோத்து ஆடுவது குற்றம். ஆகவே வரிசையாக நின்று, ஒரே திசையைப் பார்த்து, ஒருவரையொருவர் தொடாமல் ஆடினோம். ஏணி மேல் கூடத்தின் ஆள் ஒருவன் டார்ச் விளக்கோடு உட்கார்ந்திருப்பான். இரண்டு கைகள் பட்டுவிட்டால் வெளிச்சம் நம் முகத்தில் விழும். அதோடு இன்னொரு நிபந்தனை: ஒவ்வொரு வரிசையிலும் ஒரு பெண் இருந்தே ஆக வேண்டும்.

அந்தப் பெண் யார்? டீச்சர்! எந்த வரிசைக்குப் பெண் குறைந்தாலும் அங்கே டீச்சர்! இந்த வரிசையில் ஒரு பாட்டு, அந்த வரிசையில் ஒரு பாட்டு என்று வேர்த்து ஒழுக ஓடி ஓடி ஆடியவர். "டீச்சர், கொஞ்சம் உட்காருங்க" என்பேன். "நான் உட்கார்ந்தா நீங்க எல்லாரும் உட்காரணும்டா. பாட்டைப் போடு" என்பார்.

ஒரு ஞாயிறு கரையிலிருந்து போலீஸ் படகு வந்தது. அன்று ஏணிக்காரன் கண்ணயர்ந்திருந்தான். கூடத்தின் மூலையில் ஓர் இளைஞன் வேறொருவனின் தோளில் தலை சாய்த்து ஆடிக்கொண்டிருந்தான். வாசலில் பூட்ஸ் சத்தம். அந்த இன்னொருவன் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடிவிட்டான். இளைஞன் அசையாமல் நின்றான். அப்போது டீச்சர் என்ன செய்தார்? நேரே போய் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆட ஆரம்பித்தார்.

"யாரும்மா நீ?" என்றார் அதிகாரி.

"இவன் என்னைக் கட்டிக்கப் போறவன்."

"உன் வயசென்ன, அவன் வயசென்ன?"

"பொண்ணு வீட்டுல உங்களைப் பார்த்து இதைக் கேட்டிருந்தா உங்களுக்குக் கல்யாணமே ஆகியிருக்காது சார்."

கூடம் முழுக்கச் சிரித்துவிட்டது. அந்தச் சிரிப்பை அவரால் பொறுக்க முடியவில்லை. இளைஞனை விட்டுவிட்டு டீச்சருக்கு விலங்கு மாட்டினார். பொது இடத்தில் ஒழுங்கீனம் என்று வழக்கு. பத்திரிகையில் பெயர் வந்தது. பள்ளி அவரை வெளியே அனுப்பியது. உடற்பயிற்சி தவிர வேறெதுவும் அறியாத அந்தப் பெண்மணி அதன்பின் ஒரு சலவை நிலையத்தில் துணி மடித்தார். ஒரு நாளாவது அவர் அதைச் சொல்லிக்காட்டியதுண்டா?

அந்த இளைஞன் யார் என்று கேட்கிறீர்களா? மேடையில் எனக்கு இடப்பக்கம் இருக்கிறார்.

வேண்டாம், தலைவர் அவர்களே. என்னைப் பேச விடுங்கள்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் லைல் தங்கியது டீச்சர் வீட்டில்தான். மார்ட்டா வைத்த சூப்பைக் குடித்துத்தான் குளிரைக் கடத்தினார். பெலிக்கனில் அவருக்கு வேலை வாங்கித் தந்ததும் டீச்சரே. பழைய முதலாளி கூடத்தை விற்றபோது லைல் அதை வாங்கினார். நாங்கள் மகிழ்ந்தோம். நம் வீட்டுப் பிள்ளை கைக்கு வந்துவிட்டது என்று மகிழ்ந்தோம்! காலம் மாறி, போலீஸ் படகுகள் வருவதும் நின்றது. ஆணும் ஆணும் தாராளமாக அணைத்து ஆடலாம் என்று ஆனது. வரிசைக்கு ஒரு பெண் தேவையில்லை என்று ஆனது.

தேவையில்லை என்று ஆனதும் என்ன நடந்தது?

ஒரு ஞாயிறு. டீச்சர் வெள்ளைக் கால்சட்டை போட்டு, மார்ட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். வாசலில் புதிதாக நின்ற ஆள், பெண்கள் உள்ளே வர மூன்று அடையாள அட்டைகள் காட்ட வேண்டும் என்றான். ஆண்களிடம் ஒன்றுகூடக் கேட்கவில்லை. டீச்சர் சிரித்தார், விளையாட்டு என்று நினைத்து. லைல் வெளியே வந்தார். நான் இசைத்தட்டு மேசையில் இருந்தேன். அது வாசலை ஒட்டியது. ஒவ்வொரு சொல்லும் என் காதில் விழுந்தது.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. பொம்பளைங்க வந்தா கூட்டத்தோட உற்சாகம் குறையுதுன்னு சொல்றாங்க."

"யாருடா சொல்றா?"

"எல்லாருந்தான்."

"எல்லாரும்னா, உள்ள ஆடுறவங்களா?"

லைல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் பாட்டை நிறுத்தினேன். "டீச்சரை வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள்" என்று உரக்கச் சொன்னேன். கூடத்தில் இருந்த பாதிப் பேரை அவர் ஒரு காலத்தில் காப்பாற்றியவர். எல்லோரும் பின்னால் வருவார்கள் என்று நம்பி வெளியே நடந்தேன். திரும்பிப் பார்த்தேன். ஒருவர், ஒரே ஒருவர் வந்தீர்களா? மரப்பாதையின் திருப்பத்தை நாங்கள் மூவரும் தாண்டும் முன்பே யாரோ பாட்டை மறுபடி போட்டுவிட்டார்கள்!

போலீஸ் பிடித்துப் போனபோது டீச்சர் தலை நிமிர்ந்து போனார். அன்று மரப்பாதையில் அவர் தலை குனிந்து நடந்தார். முதல் அடி பகைவன் கொடுத்தது. இது நீங்கள் கொடுத்தது.

அடுத்த ஞாயிறு, இந்தத் தீவிலேயே இருந்த தன் வீட்டு மரத்தளத்தில் டீச்சர் நாற்காலிகளை ஓரம் தள்ளினார். மார்ட்டா உண்மையாகவே தேநீர் போட்டார். பெலிக்கன் உள்ளே விடாதவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பெண்கள், வயதானவர்கள், ஊன்றுகோல்காரர்கள், நல்ல சட்டை இல்லாதவர்கள். அந்தத் தேநீர் நடனம் அவர் படுக்கையில் விழும்வரை நடந்தது.

கரையில் மருத்துவமனையில் அவர் கிடந்தபோது இந்த மேடையில் இருப்பவர்களில் என்னைத் தவிர வந்து பார்த்தவர் யாருமில்லை. இன்று மிகப் பெரிய மலர்வளையம் பெலிக்கனிலிருந்து வந்திருக்கிறது. கூடத்துக்கு அவர் பெயரைச் சூட்டப்போவதாகச் சற்று முன் அறிவித்தார்கள். நீங்களும் கை தட்டினீர்கள். மார்ட்டாவின் சார்பில் சொல்கிறேன்: வேண்டாம்! உயிரோடு உள்ளே விடாதவரைப் பெயர்ப்பலகையாக உள்ளே கொண்டுபோக வேண்டாம்!

கடைசி வாரம் டீச்சர் என்னிடம், "லைல் என்னைக்காவது வந்தா ஆட விடுடா" என்றார். "என்னால முடியாது டீச்சர்" என்றேன். "அப்போ வாசல்ல ஆளே வைக்காத. விடவும் வேண்டாம், தடுக்கவும் வேண்டாம்" என்றார்.

அவர் சொன்னபடியே செய்வோம். வரும் கோடையின் முதல் ஞாயிறிலிருந்து அந்த மரத்தளத்தில் மார்ட்டா தேநீர் போடுவார், நான் பாட்டுப் போடுவேன். நாங்கள் இருக்கும்வரை அது நிற்காது. எங்களுக்குப் பின்னும் நிற்காமல் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். ஹெஸ்டர் டீச்சர் அவர்களுக்கு நாங்கள் செலுத்தும் அஞ்சலி அதுதான்.

திரு. லைல் பிராண்ட் அவர்களே, நீங்களும் வரலாம். உங்களிடம் யாரும் எந்த அட்டையும் கேட்க மாட்டார்கள். உங்களோடு ஆட யாராவது எழுந்து வருகிறார்களா என்பதை மட்டும் நீங்களே வந்து பாருங்கள்.